இரவுப் பதிவில் தியாகலிங்கம்

2026 பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பது. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு கட்டடப் பொருள் களஞ்சியத்தின் வாசலில், காவலாளி ஒருவர் கதிரையில் இறந்திருப்பதைப் பாண் வண்டிக்காரர் கண்டார். இரவுப் பதிவேட்டில் அவருடைய பெயர் தியாகலிங்கம் என்று இருந்தது.

பொலிஸார் அந்தப் பெயரைக் காவல் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனத்தில் ஒருவர் கோப்பைத் திறந்து, பெயருக்கு எதிரே இருந்த தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். ஆறு இருபதுக்கு வல்வெட்டித்துறையில் இரத்தினம்மாவின் போன் அடித்தது.

உடுவிலில் இருந்த தேவகுமாரிக்கு எவரும் போன் எடுக்கவில்லை. பகல் முறைக் காவலுக்கு வந்த கஜானன், கதிரையில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். கேற்றடியில் நின்று, “அக்கா, ஜொனதன் அண்ணை…” என்றான். அவள் அடுப்பை நிறுத்தினாள். மகள் நிஷானியை எழுப்பி, முன்னறையை ஒதுக்கிக் கூட்டி வைக்கச் சொன்னாள். பிறகு அவனுக்குப் பின்னால் ஏறியிருந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிணவறை வாசலில் ஏற்கெனவே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அறுபதை நெருங்கிய, தடித்த உடம்புக்காரி. நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நேற்றுப் பின்னேரம் கடலுக்குப் போன மனுசன்! தோணிக்கு என்ன நடந்தது, மற்றவையளுக்கு என்ன நடந்தது, ஒண்டும் சொல்லுறாங்கள் இல்லையே!” ஓட்டோவில் கூட வந்த இரண்டு பெண்கள் அவளுடைய தோளைப் பிடித்திருந்தார்கள்.

ஊழியர் கதவைத் திறந்தார். “தியாகலிங்கத்தின்ரை ஆக்கள் வாங்கோ.”

அந்தப் பெயருக்கு இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

துணியை விலக்கியதும் இரத்தினம்மா குனிந்து பார்த்தாள். “இது என்ரை ஆள் இல்லை” என்று முதலில் மெதுவாகச் சொன்னாள். பிறகு வெளியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, “முருகா! இது என்ரை ஆள் இல்லை!” என்று கத்திச் சிரித்தாள். சிரித்தபடியே திரும்பியவள், மற்றவளைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

தேவகுமாரி கணவனைப் பார்த்தாள். சவரம் செய்த முகம். பகல் முறை முடிந்து இரவு முறை தொடங்குவதற்கு இடையில், களஞ்சியத்துக் குழாயடியில் அவர் சவரம் செய்வார். நாடியில் சின்னதாய் ஒரு வெட்டு. சப்பாத்தைக் கழற்றியிருந்தார்கள். கணுக்கால் இரண்டும் வீங்கி, காலுறையின் வார் பதிந்த இடம் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. நீலச் சட்டையின் மார்பில் தகரப் பெயர்ப்பட்டி ஒன்று. தியாகலிங்கம்.

அவளை வெளியே மர வாங்கில் இருத்தினார்கள். இரத்தினம்மா போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள்.

“உன்ரை மனுசனே, பிள்ளை?”

“ஓம் அக்கா.”

“நான் சிரிச்சதை மனசிலை வைச்சிருக்காதை.”

“இல்லை.”

“அது சரி, என்ரை மனுசன்ரை பேரை ஏன் குத்திக்கொண்டு கிடக்கிறார்?”

தேவகுமாரி சொன்னாள். சொல்வதற்கு அதிகம் இல்லை. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஜொனதன் என்று கையெழுத்து. மாலை ஏழிலிருந்து மறுநாள் காலை ஏழு வரை தியாகலிங்கம் என்று கையெழுத்து. அதே வாசல், அதே ஆள். இப்படிக் கிழமைக்கு நான்கு நாள். ஒரே ஆளை இருபத்துநான்கு மணித்தியாலம் நிறுத்தியதாக நிறுவனம் காட்ட முடியாது. காட்டினால் மேலதிக நேரத்துக்குக் கூட்டிக் கொடுக்கவேண்டும். ஆகவே வேலையை விட்டுப்போனவர்களின் பெயர்களை அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். நிற்கக்கூடியவனுக்கு இன்னொரு பெயரும் கிடைக்கும்.

“அவர் உந்த வேலையை விட்டு ரெண்டு வருசம்” என்றாள் இரத்தினம்மா. “உந்தச் சம்பளத்துக்கு நிக்கிறதிலும் பார்க்க, மீன் படாத நாள் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கலாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். இவ்வளவு நாளும் அவர் இஞ்சை நிண்டிருக்கிறார், எனக்குத் தெரியாது பார்.”

ஒரு பெயருக்கு முப்பதாயிரம். அரசாங்கம் சொன்ன ஆகக் குறைந்த சம்பளம் அதுதான். நிறுவனம் அதில் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. சேமலாப நிதிக்குப் பிடித்தது போகக் கையில் இருபத்தேழாயிரத்து அறுநூறு. அந்தத் தொகையில் மூன்று பேர் மாதத்தின் பதினெட்டாம் திகதி வரை சாப்பிடலாம் என்பது தேவகுமாரிக்குத் தெரியும். ஜொனதன் இரண்டாவது பெயர் கேட்டு ஆறு மாதம் மேற்பார்வையாளருக்குப் பின்னால் திரிந்தார். கிடைத்த அன்று அவள் கணவாய் வாங்கிக் கறி வைத்தாள். மூவரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நிஷானி அவரைத் தியாகலிங்கம் ஐயா என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணினாள். அது இப்போது நினைவுக்கு வந்தது. வாய்க்குள் எச்சில் ஊறியது. எழுந்துபோய் மதிலோரம் துப்பிவிட்டு வந்தாள்.

ஒன்பதரைக்கு மேற்பார்வையாளர் லெனாட் காரில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம். கையில் கிறீம் பணிஸ் பை ஒன்றும் சோடாப் போத்தலும் இருந்தன. தேவகுமாரியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

“அக்கா, நாங்கள் எல்லாரும் ஆடிப்போனம். அவரைப்போல ஒரு ஆள் எங்களுக்கு இனிக் கிடைக்காது.”

கையை விட்டதும் காற்சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, கிருமிநீக்கித் திரவத்தை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக்கொண்டார்.

“கமெராவிலை பாத்தனான், அக்கா. நாலேகாலுக்கே கதிரையிலை இருந்திட்டார். முறையிலை கதிரையிலை இருக்கக்கூடாதெண்டு அவருக்குத் தெரியும். ஆனா நான் அதை றிப்போட் பண்ணேல்லை.”

அதை அவர் ஒரு சலுகையைப்போலச் சொன்னார்.

ஊழியர் உடுப்புப் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, தேவகுமாரி வாங்குவதற்குள் லெனாட் வாங்கினார். வாங்கில் வைத்து, நீலச் சட்டையை வெளியே இழுத்து, தகரப் பட்டியின் ஊசியைக் கழற்றினார். “இது கொம்பனிச் சாமான்” என்றார். பட்டியைச் சட்டைப்பையில் போட்டார். மீண்டும் போத்தலை எடுத்துக் கையைத் தேய்த்தார்.

“தம்பி, எனக்குப் போன் எடுக்கச் சொன்னது ஆர்?” என்று இரத்தினம்மா கேட்டாள்.

“அம்மா, அது ஒரு தவறு நடந்து போச்சு. ஓட்டோக் காசை நான் தாறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

“ஓட்டோவுக்கு மட்டும் கேக்காமலே குடுப்பியள் போல.”

கூட வந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். லெனாட் சிரித்துவிட்டு, தேவகுமாரியைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கஜானனும் பின்னால் வந்தான்.

திடீர் மரண விசாரணை அதிகாரி பதினொரு மணிக்கு வருவார். அவர் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரம் ஜொனதன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? லெனாட் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். ஜொனதன் பகல் வேலை முடித்து வீட்டுக்குப் போனவர். விடியப்புறம், மறந்துபோய் விட்டுவிட்டு வந்த மருந்தை எடுக்கத் திரும்பப் போனவர். இரவு முறையில் நின்றது கஜானன். பழைய பெயரை மறதியில் எழுதிவிட்டான்.

“பெட்டி, பந்தல், வாகனம் எல்லாம் எங்கடை. அதுக்கு மேலை ஒரு லட்சம்.”

“அவர் வேலையிலை நிண்டு செத்தவர், சேர்.”

“எனக்குத் தெரியாதே அக்கா? ஆனா கடதாசி எண்டு ஒண்டு இருக்கு. வேலையிலை நிண்டவர் எண்டு நீங்கள் சொன்னா, ரெண்டு வருசமாய்க் கள்ளக் கையெழுத்து வைச்சவர் எண்டும் வரும். அடக்கத்திலை போதகர் வந்து ஜெபம் பண்ணவேண்டிய மனுசன். உங்கடை விருப்பம். நான் ஒண்டும் சொல்லேல்லை.”

போன் வந்தது. கதைத்துக்கொண்டே காரடிக்குப் போனார்.

தேவகுமாரி கஜானனைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. அழுததா, நித்திரை இல்லாததா என்று தெரியவில்லை.

“நீயோ ராத்திரி நிண்டனீ?”

“அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்.”

“ஜொனதன் அண்ணை உன்ரை கலியாணத்துக்கு மோதிரம் போட்டவர் எல்லே.”

“ஓம்.” அவன் தலையைக் குனிந்தான். “அக்கா, நீங்கள் உண்மையைச் சொன்னா நாளையிலிருந்து எல்லாருக்கும் ஒரு பேர்தான். பதினாலு குடும்பம். நேற்றே எனக்குப் போன் எடுத்து… இல்லை, இண்டைக்கு விடிய. நாள் மாறுது. எல்லாரும் எடுத்திட்டாங்கள். அக்காட்டைச் சொல்லு, அக்காட்டைச் சொல்லு எண்டு.”

“நட்டஈடு வந்தா நிஷானி படிப்பாள், கஜானன்.”

“தெரியும்.”

“அவர் மருந்து எடுக்கப் போய்ச் செத்தவர் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?”

அவன் காலடியில் கிடந்த வேப்பஞ்சருகைச் சப்பாத்தால் தள்ளினான்.

“ஒரு பேரிலை உங்களாலை சீவிக்கேலாதோ?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்கள் கேக்கிறியளே, அக்கா?”

கையில் லெனாட்டின் கிருமிநீக்கி மணந்தது. சேலையில் துடைத்தாள். சேலையும் மணந்தது.

வாங்குக்குத் திரும்பியபோது இரத்தினம்மா தனக்குக் கிடைத்த பணிஸைப் பிய்க்காமல் மடியில் வைத்திருந்தாள். “என்னவாம் உவர்?” என்றாள். தேவகுமாரி சொன்னாள்.

“உவர் சொல்லுறதைச் சொல்லிப்போடாதை, பிள்ளை. எனக்கு வந்த போனே சாட்சி. என்னைக் கூப்பிட்டுக் கேக்கட்டும், நான் சொல்லுறன். உழைச்சு உழைச்சுச் செத்த மனுசனை வழியிலை போன ஆளாக்கிப்போடாதை.”

“பதினாலு குடும்பம் எண்டுறான், அக்கா.”

“அந்தப் பதினாலும் ஒண்டாய் நிண்டு கேட்டிருந்தா, உன்ரை மனுசன் ராத்திரி வீட்டை படுத்திருப்பார்.”

அதிகாரி பதினொன்றேகாலுக்கு வந்தார். ஓய்வுபெற்ற மனிதர், பிளாஸ்ரிக் கோப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. சிறிய அறையில் மேசைக்கு முன்னால் தேவகுமாரியை இருத்தினார். லெனாட் கதவுப் பக்கம் நின்றார். கஜானன் முதலிலேயே தன் வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே இரத்தினம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்கடை கணவர் அந்த நேரம் அங்கை என்ன செய்தவர், அம்மா?”

மின்விசிறி சுழன்றது. அதிகாரி பேனையைத் தயாராகப் பிடித்திருந்தார்.

“மருந்து எடுக்கப் போனவர்.”

“என்ன மருந்து?”

ஜொனதன் ஒருநாளும் மருந்து குடித்ததில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு பகல் முறை போய்விடும் என்று போகாமலே இருந்தவர்.

“பிறஷருக்கு.”

“எத்தினை மணிக்கு வீட்டிலையிருந்து வெளிக்கிட்டவர்?”

“நாலு மணி இருக்கும்.”

“வெளிக்கிடேக்கை ஏதேனும் சொன்னவரே?”

இந்தக் கேள்விக்கு லெனாட் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் யோசித்தாள். கடைசியாக அவர் வீட்டிலிருந்து வெளிக்கிட்டது திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு. ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பார்சல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

“படுத்திரு, கெதியா வாறன் எண்டவர்.”

அதிகாரி எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். மரணம் சம்பவித்த வேளை இறந்தவர் கடமையில் இருக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. “சரியோ அம்மா?”

“ஓம்.”

கையெழுத்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை. வெளியே வந்தபோது இரத்தினம்மா ஓட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. இரத்தினம்மாவும் சொல்லவில்லை. அது வழக்கத்துக்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று தேவகுமாரிக்குத் தெரியவில்லை. பிய்க்காத பணிஸ் வாங்கில் இருந்தது. அதில் எறும்பு ஏறியிருந்தது.

வியாழக்கிழமை அடக்கம். பெட்டி தேக்கில், பித்தளைப் பிடிகளோடு வந்தது. அவர்களுடைய வீட்டுக் கட்டிலைவிடத் திறமான மரம். ஆளுயர மலர்வளையத்தில் நிறுவனத்தின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. தேவாலயத்தில் லெனாட்டுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். “நேரம் பார்க்காத மனிதர்” என்றார். நிஷானி தாயின் கையை நகம் பதியப் பிடித்தாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியாயிற்று. சொன்னதிலிருந்து அவள் தாயோடு கதைக்கவில்லை.

காவலாளிகள் சீருடையில் வந்தார்கள். பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராகத் தேவகுமாரிக்கு முன்னால் வந்து நின்றார்கள். அனுதாபம் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். “நன்றி அக்கா” என்றான் முதலாவது ஆள், உதடு அசையாமல். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். ஐந்தாவது ஆளுக்கு அவள் கையைக் கொடுக்கவில்லை. அவன் அவளுடைய முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவர்களில் ஆறு பேர்தான் பெட்டியைத் தூக்கினார்கள். நன்றாகத் தூக்கினார்கள், ஒரு பக்கமும் சரியவில்லை. சேமக்காலையில் ஜெபம் முடிந்து மண் போடத் தொடங்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. கடைசிப் பாட்டின் நடுவில் ஒருவன் போனை எடுத்து நேரம் பார்த்தான். மற்றவன் அவனுடைய போனை எட்டிப் பார்த்தான்.

கஜானன் சப்பாத்து மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு அவளிடம் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“இண்டைக்குத் தியாகலிங்கம் ஆர்?” என்று தேவகுமாரி கேட்டாள்.

“நான்தான், அக்கா.”

ஆறு முப்பத்தைந்துக்கு ஆறு பேரும் வெளிக்கிட்டார்கள். ஏழு மணி மாற்றத்துக்கு ஒருவரும் பிந்தவில்லை.