ஐந்தடி போர்வெல்

நித்யஸ்ரீ கரட்டுப்பாளையத்துக்கு இன்டர்நெட் லைன் வரைந்தபோது ஊரில் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் இல்லை. அது அவளுக்குத் தெரியும். வண்டிகளும் இல்லை என்பதுதான் தெரியாமல் போயிற்று. அதற்கு அவளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? ஊரே ரிக் ஊர். போர்வெல் போடுகிற வண்டிகள் தீபாவளி கழிந்து கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, அந்தப் பக்கம் மழை பிடித்த பிறகுதான் வீடு திரும்பும். இது அங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கைக்குழந்தைக்கும் தெரிந்ததை வெளியூர்ப் பெண்ணிடம் யார் மெனக்கெட்டுச் சொல்லப்போகிறார்கள்?

அவள் இளம்பிள்ளை என்கிற நெசவு ஊர்க்காரி. அங்கே இருப்பதெல்லாம் தறி, தறி எங்கேயும் கிளம்பிப் போய்விட்டு வராது. சர்வேக்கு வந்த மாசி மாத வெயிலில் கரட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு பக்கத்தில் உயரமான தகரக் கொட்டகைகள் காலியாக நின்றன. நம் பக்கத்து ஆள் காலிக் கொட்டகையைக் கண்டால் வேறென்ன நினைப்பான்? அவளும் வரைபடத்தில் அழகாகக் ‘கோழிப் பண்ணை’ என்று குறித்துக்கொண்டாள். ஒரு கோழி இறகுகூட இல்லையே என்று தோன்றியிருக்க வேண்டாமா என்றால், தோன்றவில்லை.

திருச்செங்கோட்டில் பூபதி என்பவரின் இன்டர்நெட் கம்பெனியில் அவளுக்கு வேலை. கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்து, காலம் மாறியதும் ஃபைபருக்கு மாறியவர் அவர். இன்ஜினியரிங் படித்திருந்த அவளைப் பில் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார். கேபிள் எந்தத் தெரு வழியாகப் போவது, போஸ்ட் எங்கே நடுவது, ஒரு பெட்டியிலிருந்து எத்தனை வீட்டுக்குப் பிரிப்பது, இதையெல்லாம் வரைந்து தருகிற டிசைன் வேலை கோயமுத்தூர் ஆள் ஒருவரிடம் இருந்தது. நச்சரித்து நச்சரித்து அவள் வாங்கிய முதல் ஊர்தான் கரட்டுப்பாளையம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வரைந்திருந்தாள். கடைசி வீட்டிலும் வேகம் குறையவில்லை. அந்த மூன்று மாதமும் அவள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தாள்.

ஆனி பிறந்ததும் அந்த ஊர்ச் சென்னம்மாள் வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது, வைஃபை மேல்மாடியில் கிடைக்கவில்லை என்று. அதற்கெல்லாம் டிசைன் பண்ணியவள் போக வேண்டியதில்லை. ஆனாலும் தான் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற ஆசையில் நித்யஸ்ரீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சென்னம்மாள் அப்போது புருஷனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் மயில்சாமி அங்கே மழையில் நனைந்தபடி, வண்டியைக் கட்டியாயிற்று, நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வண்டி நின்றது. லாரியின் தலைக்கு மேல் நீளமாகப் படுக்க வைத்த இரும்புக் கோபுரம், மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு.

இதை எங்கே நிறுத்துவீர்கள் என்று நித்யஸ்ரீ கேட்டாள். சென்னம்மாள் பக்கத்துக் கொட்டகையைக் காட்டினாள். நித்யஸ்ரீ அந்தக் கொட்டகையின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். அப்படியே ஊர் முகப்புக்கு ஓடி, ரோட்டைக் கடந்து போகிற தன் கேபிளை அண்ணாந்து பார்த்தாள். பஸ்ஸும் லோடு லாரியும் தாராளமாகப் போகிற உயரம் விட்டிருந்தாள். ரிக் உயரம் விடவில்லை. திரும்பி வந்து போனை வாங்கி, உங்கள் வண்டி எத்தனை அடி உயரம் என்று மயில்சாமியைக் கேட்டாள். அவர் சொன்ன கணக்குக்கும் கேபிள் தொங்குகிற கணக்குக்கும் ஓரடிக்கு மேல் உதைத்தது.

“ஏங்க்கா, இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க்கா?”

“நீ கேக்கவே இல்லியே சாமி” என்றாள் சென்னம்மாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

பூபதியிடம் மறைக்கவில்லை, நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ரிக்கு ஊருக்குப் போய் ரிக்கைப் பார்க்காமல் வந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். முதல் வண்டி வருவதற்குள் கேபிள் உயரம் ஏறியாக வேண்டும், அறுந்து ஊர் முழுக்க நின்றுபோனால் டிசைன் கோயமுத்தூருக்கே போய்விடும், நீ கவுண்டருக்கு வந்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர்.

உயரமான போஸ்ட்டுகள் குடோனிலேயே இருந்தன. குழிதான் வில்லங்கம். கரட்டுப்பாளையம் என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை, ஊர் முகப்பே ஒரே பாறை. முதலில் போஸ்ட் நட்டபோது ஒன்றரை அடியில் கடப்பாரை துள்ளித் துள்ளி விழுந்ததால்தான் குட்டைப் போஸ்ட்டை வைத்துச் சிமெண்ட்டைக் கொட்டினார்கள். உயரப் போஸ்ட் நிற்க ஐந்தடியாவது ஆழம் வேண்டும். பாறை உடைக்கிற ஆட்கள் நாமகிரிப்பேட்டை வேலையில் மாட்டியிருந்தார்கள், அடுத்த வாரம்தான் வருவார்களாம். ரோட்டுக்கு அடியில் கொண்டுபோகலாம் என்றால் அனுமதி வாங்கவே ஆடி போய்விடும். லைன்மேன் கந்தன், கேபிளை மூங்கிலால் தூக்கிப் பிடித்து வண்டியை விட்டுவிடலாம் என்றான். ஒரு வண்டிக்குச் சரி. பின்னாலேயே இருபது முப்பது வண்டி வருகிறதே, ஒவ்வொன்றுக்கும் மூங்கிலோடு நிற்பானா?

இதற்கிடையில் வண்டி எங்கே வருகிறது என்று அவளுக்கு வேளாவேளைக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. எல்லாம் சென்னம்மாள் உபயம். நாக்பூர் தாண்டியாயிற்று, ஹைதராபாத் வந்தாயிற்று என்று அவள் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல இவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், எட்டு மாதம் கழித்துப் புருஷன் வருகிறான் என்று ஒருத்தி பூரிக்கிறாள், வராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஒருத்தி நினைக்கிறாள். நினைத்ததற்காக அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

வண்டி ஓசூரை நெருங்கியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. உடனே மயில்சாமிக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, பாறையில உங்க பிட்டு போடற ஓட்டை எத்தனை இஞ்சுங்க?”

ஆறரை என்றார். போஸ்ட் நாலு இஞ்சு. அவள் மென்று முழுங்கி, ஊர் முகப்பில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஐந்தடிக்கு ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். ஆயிரம் அடிக்குக் குறைந்து அவர் கை வைத்து வருஷக்கணக்காகிறது. அவர் சிரித்த சிரிப்பில் வண்டியிலிருந்த பசங்கள் என்ன என்ன என்று கேட்பது இவளுக்கே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, போடலாம், ஆனால் பூஜை இல்லாமல் பிட்டு மண்ணில் இறங்காது, பாயிண்ட் யாருடையதோ அவர்கள்தான் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். போர் போடுகிற இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். அப்படியானால் இது அவளுடைய பாயிண்ட்தான்.

மறுநாள் காலை வண்டி வந்து கேபிளுக்கு இந்தப் பக்கமே நின்றது. பாதி ஊர் அங்கே கூடிவிட்டது. பூபதியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை நாள் திரையில் புள்ளி வைத்துப் பழகியவள், சுண்ணாம்பை எடுத்து நிஜத் தரையில், கேபிளுக்குச் சற்று முன்பாகவே, ரோட்டின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்தாள். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றி, தேங்காயை ஓங்கி உடைத்தாள். அது மூன்று துண்டாய்ப் போயிற்று, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரும்புக் கோபுரம் நிமிர்ந்தது, கம்ப்ரசர் அலறியது, பாறை மாவாய்ப் பறந்தது. எல்லோர் தலையும் வெள்ளை. நீங்கள் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் ஐந்தடி முடிந்து, வண்டி ரோட்டின் அந்தப் பக்கத்துப் புள்ளிக்கு நகர்ந்துவிட்டது.

மயில்சாமி முகத்துத் தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“இத்தனை வருசத்துல வெறும் பொகையா வந்ததுக்கு நான் சந்தோசப்பட்ட பாயிண்ட்டு இது ஒண்ணுதானுங்க அம்முணி.”

சொட்டுத் தண்ணீர் வராத போர்வெல்லுக்கு ஊரே கைதட்டியது.

போஸ்ட்டுகளை இறக்கி, கெட்டிப்படுத்தி, கந்தன் கேபிளை மேலே ஏற்றிக் கட்டினான். வண்டி அடியில் போகிற வேளையில் நித்யஸ்ரீக்கு அங்கே நிற்கத் தைரியம் வரவில்லை. ஆரத்தித் தட்டோடு வீட்டு வாசலில் காத்திருந்த சென்னம்மாளிடம் போய் நின்றுகொண்டாள். சென்னம்மாள் தட்டுக்காகப் போனை அவள் கையில் கொடுத்தாள். வீடியோவில் மயில்சாமி ஸ்டியரிங்கோடு தெரிந்தார், பக்கத்துப் பையன் போனைப் பிடித்திருந்தான். இந்தப் போன் ஓடுவது வீட்டு வைஃபையில், வைஃபை ஓடுவது அந்தக் கேபிளில். அறுந்தால் அந்த நொடியே படம் நின்றுவிடும். வண்டி நகர்வது தெரிந்தது. போஸ்ட் தெரிந்தது. படம் மறைந்தது.

அவளுக்கு உலகமே நின்றுவிட்டது. கவுண்டர், பில் புத்தகம், கோயமுத்தூர்க்காரர் எல்லாம் கண்முன்னால் வந்து போயின. அவள் போனை வெறித்துக்கொண்டிருக்கையிலேயே தெரு முக்கில் ஹாரன் அலறியது. தூசியும் மாலையுமாய் வண்டி வளைவைத் திரும்பி வந்து வாசலில் நின்றது.

“கேபிளு அறுந்துருச்சுங்களாண்ணா?” நித்யஸ்ரீ போனை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

மயில்சாமி கேபினிலிருந்து அவளைப் பார்க்கவில்லை. சென்னம்மாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இல்லீங்க. ஊடு கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு, இனிப் போனு எதுக்குன்னு கட் பண்ணச் சொன்னேன்.”

நித்யஸ்ரீ வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பின்னால் பைக்கில் வந்த பூபதி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து எருமப்பட்டிக்கு லைன் வரைய வேண்டும், திங்கட்கிழமை சர்வேக்குப் போக வேண்டும், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டார். கந்தனை என்றாள். சென்னம்மாள் அதற்குள் ஆரத்தியைச் சுற்றி முடித்து, எல்லோரையும் சாப்பிட உள்ளே கூப்பிட்டாள்.