புகையிலைத் தண்ணீர்

மூன்றாவது குடம் ஊற்றியும் ரெத்தினத்தின் முதுகிலிருந்து தண்ணீர் சிவப்பாகவே வழிந்தது. புருஷனின் உடம்பைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு அம்சம் நாலாவது குடத்தை இழுத்தாள்.

பண்ணையில் நேற்றும் ஒரு காளை ரத்தமாய் மூத்திரம் பெய்து, கண் செருகிச் செத்தது. ஒரே வாரத்தில் மூன்றாவது. தொழுவத்து மாடத்தில் மாடு பார்க்கும் ரெத்தினம் வைத்திருந்த கொட்டாங்கச்சியும் அதிலிருந்த கறுப்புத் தண்ணீரும் பண்ணையை நிர்வகிக்கும் காரியக்காரர் துரைராசுவின் கண்ணில் பட்டன. விஷம் என்றார்.

"புகையிலை ஊறுன தண்ணிங்க. உண்ணியப் புடுங்கிப் போடுறதுங்க" என்றான் ரெத்தினம்.

விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தவன் பேச்சை யார் கேட்பது? களத்துமேட்டுப் புளியமரத்தில் கட்டிவைத்து, விலா நொறுங்க அடித்தார்கள். ஆட்சி மாறி ஒரு வருடமாகியும் பண்ணைச் சவுக்கு மாறவில்லை. "நான் வைக்கலடி" என்றுவிட்டு விடியற்காலையில் கண்ணை மூடினான்.

"அண்ணி, வர்றான் பாருங்க." கொழுந்தன் காத்தான் கூரையிலிருந்து அரிவாளை உருவினான்.

துரைராசு கக்கத்தில் புது வேட்டியோடு வந்து நின்றார். "அய்யா குடுத்தனுப்புனாரு. வெயிலுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

"காலையில மாட்டு டாக்டரு வந்தாரே, என்ன சொன்னாரு?" என்றாள் அம்சம்.

அவர் தரையைப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சலாம். கொட்டாங்கச்சிய குச்சியால கிண்டிப் பாத்தாரு. பூரா உண்ணி."

காத்தான் பாய்ந்தான். அம்சம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடா. தெரு கேக்கணும்." துரைராசு பக்கம் திரும்பினாள். "நீ சத்தமாச் சொல்லு."

"யாரப் பாத்துடி சொல்லுங்குற?"

"நேத்து களத்துல கத்துனியே, அந்த மாதிரி."

துரைராசு அரிவாளைப் பார்த்தார். "ரெத்தினம் வெஷம் வைக்கல!"

"காது கேக்கலியே, காரியக்காரரே!" என்றாள் தெருக்கோடியில் பூவம்மாள்.

"வைக்கல! அவன் வெஷம் வைக்கல!"

அம்சம் காத்தானின் கையை விட்டாள். உடம்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் யாரோ ஓடும் சத்தம். சேற்றில் விழும் சத்தம். பிறகு ஓர் அலறல்.

அவள் ரெத்தினத்தின் காதோரத்து முடியை விலக்கிக் கழுவினாள். விரலில் தட்டுப்பட்டது, ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிய ஓர் உண்ணி. நாலு ராத்திரி காளைகளோடேயே படுத்துக்கிடந்தான். 'பேசாம அதுகளையே கட்டிக்க' என்று கேலிகூடச் செய்திருந்தாள்.

அவன் சொல்லிக்கொடுத்தபடி, தலை அறுந்துவிடாமல் நகத்தால் கிள்ளி எடுத்தாள். வீட்டு ஆட்டுக்கென்று அவன் வைத்திருந்த கொட்டாங்கச்சி பக்கத்திலேயே இருந்தது. அதன் கறுப்புத் தண்ணீரில் போட்டாள். கால்கள் அசைவது நிற்கும்வரை பார்த்தாள். பிறகு அடுத்த குடத்தை எடுத்தாள்.