முதல் வண்டி

கடை முற்றத்தில் மின் இணைப்புக்காகத் தோண்டிய எர்த் குழிக்குள் உப்பையும் கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டிக்கொண்டிருந்த ஆளிடம், "உப்பு சரியா இருக்கான்னு ஒரு வாய் பாத்துச் சொல்லுப்பா" என்றார் டைல்ஸ் கடைக்காரர். பெட்டி இறக்கும் ஆட்கள், கேபிள் இழுப்பவர்கள், குழிக்குள் நின்றவன் என எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குழி தோண்டத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழிக்குக் காரணம் அவள் வாயிலிருந்து வந்த ஒரு பொய்.

மனிதர் கெட்டவர் இல்லை. வாயைத் திறந்தால் கிண்டல்தான். அந்தக் கிண்டலைக் கேட்பதற்கென்றே நாலு கடை தாண்டி இங்கே வந்து டைல்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். சொன்னது யார் மேல் விழுந்தது, எங்கே குத்தியது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இன்னொரு குணமும் உண்டு. எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அவர் காதில் அது ஒரு வேலையாகத்தான் விழும். தண்ணீர் வரவில்லையா, போர் போடு. வெயில் அடிக்கிறதா, கூரை போடு. வருத்தப்பட்டுக்கொண்டு சும்மா உட்கார அவருக்குத் தெரியாது.

போன வருஷம் மகளும் மாப்பிள்ளையும் தங்கள் மின்சார வண்டியில் வந்து இதே முற்றத்தில் இறங்கினார்கள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டிருந்தார்கள்; வேறு வேலை அமையவில்லை. திரும்பிப் போகச் சார்ஜ் போதாது என்று கடை ஜன்னல் வழியாக வயரை இழுத்து வண்டியில் சொருகியிருந்தார். முற்றம் நிறைய ஆட்கள். வண்டியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொன்னார். "ரெண்டும் ஒரே ரகம்தான்பா. சத்தமே வராது. அடுத்தவங்க வீட்டுக் கரண்டுல சொருகி விட்டாத்தான் ஓடும்." முற்றமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வயரைப் பிடுங்கி, முழங்கையில் ஒழுங்காகச் சுற்றி, மாமியார் கையில் கொடுத்தார். பாதி சார்ஜில்தான் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. மகள் அம்மாவிடம் போனில் அழக்கூட இல்லை. "வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தச் சிரிப்பு அவர் முகத்துலேர்ந்து இறங்கவே இல்லம்மா. எனக்கு பயமா இருந்துச்சு. இனிமே அங்க வர முடியாது. அப்பாகிட்ட சொல்லாத, அதையும் ஒரு ஜோக்கா ஆக்கிடுவார்" என்றாள். இவளும் சொல்லவில்லை. ஏன் பிள்ளைகள் வருவதே இல்லை என்று அவர் சாப்பாட்டு மேஜையில் நச்சரித்தபோது, வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள். வழியில் எங்கேயும் சார்ஜ் போட இடமில்லையாம், நடுரோட்டில் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்களாம்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மறுநாளே சார்ஜ் மெஷின் வைக்கும் கம்பெனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மெஷினை வைக்க ஒரு நிபந்தனை, அது பொதுமக்களுக்கும் திறந்திருக்க வேண்டும், போன் வரைபடத்தில் கடை பெயரோடு தெரியும் என்றார்கள். "தாராளமா. ஊரே வந்து போட்டுக்கட்டும். என் பொண்ணு வந்தா மட்டும் எந்திரிச்சு எடம் குடுத்துடணும்" என்றார். லாரி நிற்கும் இடத்தை மெஷினுக்கு விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து ஆட்கள் தெருவிலிருந்து பெட்டிகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முற்றம்வரை பள்ளம் வெட்டி, கடைக்கான மின்சார அளவைக் கூட்டிக் கேட்டு மின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கேயும் கிண்டலடித்துத்தான் கையெழுத்து வாங்கியிருப்பார்.

கேபிள் உருளை வந்து இறங்கிய அன்று மகள் அம்மாவிடம் போனில் பேச்சோடு பேச்சாக, வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னாள். மாதத் தவணை கட்ட வழியில்லையாம். அன்றைக்குச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் இவள் உட்கார்ந்தாள். அவரோ மேஜைமேல் விரலால் கோடு போட்டு, வண்டி எந்தப் பக்கமாகப் பின்னால் வரும், நிழல் எங்கே விழும், சார்ஜ் ஏறும் வரை மாப்பிள்ளை எங்கே உட்காருவார் என்று காட்டிக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வேலை முடிந்தது. மெஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டுப் புத்தம் புதிதாக நின்றது. ஒரு வண்டியை மாட்டிப் பார்த்தால்தான் வரைபடத்தில் ஏற்ற முடியும் என்றார் கம்பெனி இன்ஜினியர். அவருடைய சொந்த மின்சார வண்டியே தெருவில் நின்றது. கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வண்டி மகளுடையதுதான் என்று மெஷின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மறித்துவிட்டு, கல்லாவுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மனைவி கல்லாவில்தான் இருந்தாள்.

"அப்பா கடைக்கே கரண்டு பங்க் கொண்டாந்துட்டேன். இனிமே நடுரோட்டுல நிக்கிற பயமே இல்ல. எப்ப கிளம்பறீங்க, வண்டிய எடுத்துட்டு?"



"எந்த வண்டிப்பா? அத எப்பவோ வித்தாச்சே. அம்மாகிட்ட சொன்னேனே."

அவர் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"வண்டி இல்லைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப எதுக்குத்தான் வரல அவ?"

அவள் சொன்னாள். அன்றைக்கு அவர் சொன்னதை, ஒரு சொல் மாறாமல், அவர் சொன்ன அதே இடத்தில் நிறுத்தி, சொன்னாள். வயரைச் சுற்றிக் கொடுத்ததையும் சொன்னாள். கத்துவார், இல்லை உடைந்துபோவார். இரண்டுக்கும் மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். அவரோ பழைய சரக்கை எந்த அடுக்கில் வைத்தோம் என்று யோசிக்கிறவர்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நான் அப்படியா சொன்னேன்?"

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தன் நெஞ்சில் இத்தனை நாள் கல்லாகக் கிடந்தது அவரிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபப்படவும் தெம்பில்லை. கணக்கெல்லாம் முடித்துக் காலி செய்த வீட்டில் நிற்பதுபோல இருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம். மாப்பிள்ளையும்தான் சிரிச்சார்."

வெளியே இன்ஜினியர் கதவைத் தட்டி, நேரமாகிறது, தன் வண்டியையே மாட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். இவர் முற்றத்துக்குப் போனார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். வண்டி பின்னால் வந்து நின்றது. இன்ஜினியர் மெஷினின் வயரை எடுத்து வண்டியில் சொருகியதும் மெஷின் லேசாக முனகி, பச்சை விளக்கு எரிந்து, திரையில் சார்ஜ் எண் ஒன்றொன்றாக ஏறத் தொடங்கியது. பெட்டி சுமந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். இந்நேரம் அவர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒருவன் சிரிக்கத் தயாராக வாயைக்கூடத் திறந்துவிட்டான். அவர் நாற்காலியை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.