இரண்டாவது வாய்

1

என் கையிலிருந்த ரொட்டித் துண்டு தரையில் விழுந்தபோதுதான் இந்தக் கதை தொடங்கியது.

எங்கள் மலைக்கிராமம் கொச்கோரில் ரொட்டி கீழே விழுந்தால் சும்மா விடமாட்டார்கள். உடனே எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பார்த்தவர்கள் நாலு வார்த்தை சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று எர்மெக் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. விழுந்ததை யாரும் பார்க்கவே இல்லை. ஏனென்றால் எல்லோரும் ஒரு கைக்குழந்தையின் வலது காலைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரி என்று என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். நான் கதையோடு திரும்பி வந்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். காலை மாற்றவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பெர்மெத் பேருந்தை விட்டு இறங்கியபோது மலை உச்சியில் புதுப்பனி"

வேண்டாம். என் கதைகளில் யார் வந்து இறங்கினாலும் மலை உச்சியில் பனி இருக்கிறது.

இரண்டாவது: "தாய்ப்பால் என்பது"

இது கட்டுரை. இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பெர்மெத்துக்குப் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை திலெக் பிறந்த கொஞ்ச நாளிலேயே டப்பாப் பாலுக்கு மாறிவிட்டான். அவனுக்கு இரண்டு மாதம் ஆனபோது மாஸ்கோவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. வீட்டில் பாதி கட்டி நிற்கும் அறைக்குக் கூரை போட வேண்டும், குளிர்காலம் யாருக்காகவும் காத்திருக்காது. அவள் போனாள். என்ன வேலை? இன்னொரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.)

அவள் கணவன் எர்மெக், தலைநகர் பிஷ்கெக்குக்குச் சிற்றுந்து ஓட்டுகிறவன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கவும், பால்மாவை அளவுக் கரண்டியில் தலைதட்டிப் போடவும், புட்டியை மணிக்கட்டில் சாய்த்துச் சூடு பார்க்கவும் கற்றுக்கொண்டான். அவன் வண்டியில் இருக்கும் பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அவன் அக்கா கனிஷாய். ஊரில் உள்ள எல்லா நம்பிக்கைகளும் சகுனங்களும் அவளுக்கு மனப்பாடம். வாயும் கொஞ்சம் அதிகம்.

"இவனுக்கு அம்மா அலமாரியில இருக்கா. மூடியைத் திறந்தா வந்துடுவா" என்பாள், டப்பாவைக் கண்டதும் துள்ளுகிற திலெக்கைக் காட்டி. ஒருமுறை தொலைபேசியில் பெர்மெத்திடமே இதைச் சொல்லிவிட்டாள். பெர்மெத்தும் சிரித்தாள். தொலைபேசியை வைத்த பிறகு சிரித்தாளா என்பதை நான் அவளிடம் கேட்கவில்லை.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். தினமும் கேட்டாள். "பால் யாரு வேணா குடுங்க. முதல் வாய் நான்தான் குடுப்பேன்."

முதல் வாய் உணவை யார் ஊட்டுகிறார்களோ அவர்களுடைய குணம்தான் பிள்ளைக்கு வரும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டப்பாவுக்குக் குணம் கிடையாது. ஆகவே அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து போன எல்லாவற்றுக்கும் பதிலாக அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான்.

திலெக்குக்கு ஆறு மாதம் முடிந்தது. மாஸ்கோ வீட்டார் ஒரு வாரம் கடற்கரைக்குப் போனார்கள். பெர்மெத் ஊருக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக வேண்டும்.

3

காலையில் வந்து இறங்கியவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் பூசணிக்காயை நறுக்கினாள். வேகவைத்தாள், சல்லடையில் தேய்த்தாள், கரைத்துவைத்த டப்பாப் பாலில் கொஞ்சம் விட்டுத் தளர்த்தினாள்.

"உப்புப் போட்டியா?" என்றாள் கனிஷாய்.

"ஒரு வயசு வரைக்கும் கூடாது அண்ணி. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"உப்பில்லாமத் தின்னா ரோஷமே இல்லாம வளருவான்."

"உங்க தம்பி உப்புப் போட்டுத்தானே வளந்தாரு?"

கூடமே சிரித்தது. வெந்நீர் கொதிக்கும் சமோவாரிலிருந்து கோப்பைகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எர்மெக் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தோம்.

பெர்மெத் திலெக்கை மெத்தைகளை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டாள். தெரிந்தவள் பேசுகிற தெளிவோடு எங்கள் எல்லோருக்கும் சொன்னாள்: "முதல் தடவை துப்பத்தான் செய்வான். நாக்காலேயே வெளிய தள்ளுவான். மூஞ்சியைக் கோணுவான். பிடிக்கலன்னு நினைச்சிடாதீங்க, அதுக்கு விழுங்கத் தெரியாது, அவ்வளவுதான்."

கரண்டி நுனியில் ஒரு மிளகளவு பூசணிக்கூழ். "திலெக், அம்மாடா" என்று சொல்லிக் கரண்டியை நீட்டினாள்.

கரண்டி பாதி தூரம் வருவதற்குள் திலெக் வாயை ஆவென்று திறந்தான். கூட்டில் இருக்கும் குஞ்சைப்போல. கூடவே, இதைத்தான் சொல்ல வந்தேன், சிவப்புக் காலுறை போட்ட வலது காலைத் தூக்கி அவள் மடிமேல் வைத்தான்.

கூழை வாங்கினான். துப்பவில்லை. நாக்கைச் சுழற்றி, விழுங்கி, உதட்டைச் சப்பினான். பிறகு மறுபடியும் வாயைத் திறந்து, காலைத் தூக்கி, காத்திருந்தான். பலகாலமாக ஒரே கடையில் சாப்பிடுகிற வாடிக்கையாளரைப்போல.

யாரோ சிரிக்கத் தொடங்கிச் சட்டென்று நிறுத்தினார்கள். என் ரொட்டி விழுந்தது.

(முதல் வரைவில் இந்தக் காலை நான் எழுதவில்லை. வாசகர் நம்பமாட்டார் என்று வாயை மட்டும் வைத்துக்கொண்டேன். படித்துப் பார்த்தால் கதை செத்துக் கிடந்தது. காலைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது.)

பெர்மெத் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சாப்பிடத் தெரிந்த பிள்ளை. இவனுக்கு இது முதல் வாய் இல்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லி தேவைப்பட்டாள். கையருகில் ஒரு நாத்தனார் இருந்தாள். மூன்று பக்கம் எழுதினேன். கனிஷாய் பிள்ளையின் மனசைத் தன் பக்கம் திருப்புவதற்காக, பிறத்தியார் கண்ணில் படாமல், கதவைச் சாத்திக்கொண்டு

கிழித்துவிட்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் கனிஷாயின் முகத்தை நான் நேரில் பார்த்தேன். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அதிகமாக அதிர்ந்துபோயிருந்தாள்.

"நான் இல்ல!" என்று கத்தினாள். "பெர்மெத், என்னைப் பாக்காதே! சத்தியமா நான் இல்ல!" சத்தியம் பண்ண ரொட்டியைத் தேடினாள். தரையில் கிடந்த என் துண்டுதான் கண்ணில் பட்டது. அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "நான் குடுத்திருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்! எவ கீழே போட்டா இதை?"

நான் தேநீர்க் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்து, வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து பார்த்தேன். எர்மெக்கின் சிற்றுந்தில் தினமும் முன்னிருக்கையில் உட்காருகிற ஒருத்தி. அவள் கையில் வளையல், அந்தக் கையில் கரண்டி. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இதை எழுதும்போது எனக்குப் பேனா நன்றாகவே ஓடியது. அதைவிட வெட்கம், பெர்மெத்தும் அந்த ஒரு நொடி அதையேதான் நினைத்தாளாம். பிறகு என்னோடு பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "யாரோ ஒருத்தியோட கை என் புள்ளை வாய்க்குள்ள போனாப்ல இருந்துச்சு அக்கா."

ஆனால் அவள் யாரையும் கேட்கவில்லை. "கால்ல ஏதாவது குத்துதாடா?" என்று பிள்ளையின் காலுறையைக் கழற்றினாள்.

கட்டைவிரலைச் சுற்றி, மயிரிழை அளவுக்கு, மோதிரம்போல ஒரு சிவந்த கோடு.

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. செம்மறியின் வால் கொழுப்பை வேகவைத்து, விரல்போல நறுக்கி, நூலில் கட்டிப் பிள்ளை வாயில் சப்பக் கொடுப்பார்கள். நூலின் மறுமுனை பிள்ளையின் கால் கட்டைவிரலில் இருக்கும். கொழுப்பு தொண்டைக்குள் போய்ப் பிள்ளைக்குப் புரையேறினால் காலை உதைக்கும், உதைத்ததும் கொழுப்பு வெளியே வந்துவிடும்.*

திலெக்கைப் பொறுத்தவரை உலகத்தில் சாப்பாடு இப்படித்தான் வருகிறது. முதலில் காலை நீட்ட வேண்டும்.

* இதைப் படித்துவிட்டு யாரும் நூலைத் தேடிப் போக வேண்டாம். எங்கள் மருத்துவமனை டாக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூசணி, கேரட், தானியக் கஞ்சி, ஒவ்வொன்றாக, கூழாக; கூடவே டப்பாப் பாலை நிறுத்தாமல். இது அவர் சொன்னது.

5

கோப்பை நிரம்பி வழிந்தது. சமோவார்க் குழாயை மூட மறந்து நின்ற எர்மெக்கின் கைமேல் கொதிநீர் கொட்டியது. அவன் கையை உதறக்கூட இல்லை.

"நான்தான்" என்றான்.

பெர்மெத் திரும்பினாள். "நீயா?"

நாலு பேர் முன்னால் அவள் அவனை நீங்கள் என்றுதான் சொல்வாள். அந்த 'நீ'யில் கூடமே ஒருமுறை குலுங்கியது.

"கொழுப்பு மட்டும்தானா?"

"ரவைக் கஞ்சி... ரெண்டு ஸ்பூன்."

"அப்புறம்?"

"கேரட்டு. தண்ணியா."

"அப்புறம்?"

"தயிரு. கொஞ்சூண்டு."

"டேய்!" என்றாள் கனிஷாய். "முழுச் சாப்பாடும் போட்டு முடிச்சிருக்கியேடா! அதான் இவன் மேல ஆட்டு வாடை அடிச்சுது. நான் உன் சட்டைன்னு நினைச்சு ரெண்டு தடவை துவைச்சேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

எர்மெக் தரையைப் பார்த்துப் பேசினான். "காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிட உக்காருவேன். இவன் என் வாயையே பாப்பான். நான் மென்னா வெறும் வாயை அவனும் மெல்லுவான். சுவத்தைப் பாத்து உக்காந்து தின்னு பாத்தேன். பெத்த புள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் திங்கிற சோறு, எறங்கல பெர்மெத்."

"ஏன் சொல்லல?"

"தினம் போன்ல முதல் வாய், முதல் வாய்ங்கிற. நான் எந்த வாயால சொல்றது?" வெந்த கையைச் சட்டையில் துடைத்தான். "ஆனா சும்மா குடுக்கல. சொல்லித்தான் குடுத்தேன். என் கை இல்ல, பெர்மெத்தோட கைன்னு."

பிரசவம் பார்க்கும் பெண்கள் சொல்கிற சொல் அது. என் கை இல்லை, உமாய் அன்னையின் கை என்பார்கள்; பிள்ளைகளைக் காக்கும் தெய்வம் அவள். அன்னை இருக்கும் இடத்தில் அவன் மனைவியை வைத்திருக்கிறான்.

கனிஷாய் தலைத்துணி முனையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் கரித்தது. நான் எழுதுகிற கதைகள் இந்த இடத்தில்தான் முடியும். "பெர்மெத்தின் கோபம் பனியாய் உருகி" என்று எழுதியும்விட்டேன்.

ஆனால் பெர்மெத் உருகவில்லை.

"என் கை எங்க இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள். "மாஸ்கோவில இருந்துச்சு. இன்னொரு புள்ளை வாயில இருந்துச்சு."

அவள் திலெக்கின் வாயோரத்தை விரலால் துடைத்தாள்.

"அந்த வீட்டு அம்மாவும் என்கிட்ட அதையேதான் சொன்னாங்க. சனிக்கிழமை நான் வீட்டுல இருப்பேன், முதல் வாய் நான்தான் குடுப்பேன், அதுவரைக்கும் பால் மட்டும் குடுன்னு. அந்தப் புள்ள என் வாயையே பாத்துச்சு. எனக்கு இவன் மூஞ்சி தெரிஞ்சுது. குடுத்துட்டேன். துப்புச்சு. மறுநாளும் குடுத்தேன். சனிக்கிழமை அந்தம்மா குடுத்தப்போ அழகா வாயைத் திறந்துச்சு. 'பாரு பாரு, என் பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரி'ன்னு கை தட்டுனாங்க." பெர்மெத் கரண்டியைப் பார்த்தாள். "நானும் கூட நின்னு கை தட்டினேன்."

(இது ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். வேறொருவர் எழுதியிருந்தால் இட்டுக்கட்டியது என்று சொல்லியிருப்பேன். கலைக்கப் பார்த்தேன், மாஸ்கோக் குழந்தையை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால், பிள்ளை துப்புவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?)

"இவனுக்குன்னு நினைச்சுத்தான் குடுத்தேன்" என்றாள். "என் முதல் வாயை அங்கேயே குடுத்துட்டு வந்துட்டேன் அண்ணி."

எர்மெக் அவள் பக்கம் ஓரடி வைத்தான். அதற்குமேல் வைக்கத் தைரியம் வரவில்லை. கனிஷாய் கையிலிருந்த ரொட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

6

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன.

ஒன்றில், பெர்மெத் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் ஏறுவதில்லை. கூரை இல்லாத அறைமேல் பனி விழுகிறது, உள்ளே மூவரும் ஒரே போர்வைக்குள். எழுதச் சுகமாக இருக்கிறது. குளிரப்போவது எனக்கில்லையே.

இன்னொன்றில் ஏறுகிறாள். மாஸ்கோவில் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்கிறாள். அந்த அம்மாள்

தெரியவில்லை. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் பேருந்தைத்தான் பார்ப்பீர்கள். நான் பார்க்கச் சொல்வது கரண்டியை.

திலெக்குக்குப் பொறுமை போய்விட்டது. பெரியவர்களின் இடி மழையெல்லாம் அவனுக்கு என்ன? வெறும் காலை மறுபடியும் தூக்கி அவள் மடியில் தொம்மென்று போட்டான்.

"அண்ணி" என்றாள் பெர்மெத், கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் வாய் குடுக்கறவங்க குணம் வரும்ங்கிறீங்க. ரெண்டாவது வாய் குடுக்கறவங்களுக்கு என்ன?"

எல்லாம் தெரிந்த கனிஷாய் யோசித்தாள். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மற்ற பெண்களைப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை.

"ரெண்டாவதுக்கு..." என்றாள். "ரெண்டாவதுக்கு ஒண்ணும் சொல்லலயேம்மா."

"யாருமேவா?"

"யாருமே சொல்லல."

பெர்மெத் மிளகளவு கூழைக் கரண்டி நுனியில் எடுத்தாள். இடது கையால் அவன் கட்டைவிரலை, கோடு இருந்த இடத்தில், நூலைப்போல மெல்லப் பிடித்துக்கொண்டாள். கரண்டியைத் தூக்கினாள். திலெக் வாயைத் திறந்தான்.

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கதைக்கு முதல் வாய் கொடுத்தது நான், அதனால் என் குணம்தான் இதற்கு வந்திருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது வாய்க்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பிடியுங்கள் கரண்டியை.

கொஞ்சம் சீக்கிரம். பாவம், காலைத் தூக்கிக்கொண்டே எவ்வளவு நேரம் இருப்பான்?