பேர் போடாத குடைப்படம்

ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருந்த கபீர் பாயின் அச்சுக்கூடத்தில், கல்லில் வரைந்து கல்லச்சில் எடுத்த படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள் மக்தலேனா. தானே கல்லில் ஒரு சுவரொட்டி வரைந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பாய் காது கொடுத்தால்தானே!

ஒரு வருஷம் கப்பல்காரர் ஒருவர் பழைய ஜெர்மன் பத்திரிகைக் கட்டொன்றை விட்டுப்போனார். முழுக்க முழுக்கச் சுவரொட்டிக்கென்றே ஒரு பத்திரிகை! தரங்கம்பாடியில் ஜெர்மன் கற்ற உபதேசியார் ஞானமுத்து அதைப் படித்துச் சொன்னார். சுவரொட்டி சேர்க்கும் பைத்தியம் பிடித்த ஒரு பல் வைத்தியர் தொடங்கியதாம். தனியாக அச்சிட்ட படங்களைப் பக்கங்களில் ஒட்டியே அனுப்பினார்களாம். 1914-இல் மூண்ட பெரிய சண்டையையும் தாண்டி வந்தது, இப்போது நின்றுபோய்விட்டதாம். உறவில் ஒருவர் போனதுபோல மக்தலேனாவுக்கு மனசு கனத்தது.

ஒரு பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, அடியில் நாலு எழுத்து. அவ்வளவுதான். ரங்கூன் சுவரொட்டியிலோ தமிழ், தெலுங்கு, பர்மா, இந்துஸ்தானி, இங்கிலீஷ் எல்லாம் முட்டி மோதும். ஒன்றை விட்டால் ஒருத்தருக்குக் கோபம்.

மழைக்காலம் நெருங்கியது. வழக்கமாகக் கல்லில் வரையும் ஓவியர் வடிவேலு காய்ச்சலில் படுத்துவிட, குடைக்கடை அப்பாசாமியின் சுவரொட்டி வேலை வேறு வழியின்றி அவள் கைக்கு வந்தது. கெடுத்தால் இனிக் கல்லைத் தொடவே கூடாது என்றார் பாய்.

வடிவேலுவின் கல்லில் ஒரே ஒரு கறுப்புக் குடை வரைந்தாள். அதன் கீழே கூலியாளின் வெறுங்கால், பர்மாக்காரியின் செருப்பு, துரையின் பூட்ஸ். பாயும் படத்தில் சொக்கிப்போய்த் தலையாட்டினார். அச்சும் ஏறியது.

அப்பாசாமி வந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தார். பிறகு கேட்டார்: "எங்க கடைப் பேரு எங்கேம்மா?"

மக்தலேனா அப்போதுதான் படத்தின் அடியைப் பார்த்தாள். செருப்புக்கு அடியில் இருந்த ஜெர்மன் எழுத்தைக் கடைப் பேர் என்று அறியாமல், வெறும் அலங்காரம் என்று நினைத்து, அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தாள். பாயின் முகம் கறுத்தது.

அந்தக் காலி இடத்தில் விரலை வைத்துச் சொன்னாள்: "அடியில இடம் இருக்குங்கய்யா. சின்னக் கல்லுல பேரை மட்டும் அடிச்சிடலாம். அலோன் பேட்டையில தமிழு, தாமுவே பேட்டையில பர்மா. அந்தந்தப் பேட்டைக்கு அவங்கவங்க எழுத்து."

எந்த எழுத்து மேலே, எது கீழே என்று வருஷா வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர் அப்பாசாமி. சிரித்தேவிட்டார்.

முதல் மழையிலேயே கடையில் கூட்டம் நெரிந்தது. காய்ச்சல் தெளிந்து வந்த வடிவேலு தன் கல்லைத் தேடினார்.

"நீ வேற கல்லு எடுத்துக்கப்பா," என்றார் கபீர் பாய். "இது மக்தலேனா கல்லு."