எண்ணிட்டு அனுப்பிய ஆலை

நண்பகல் வெயில் உருக்கிய வெள்ளிபோல் வழிந்து பரவ, புகைபோக்கியில் புகையின்றி, வாயிலில் காவலின்றி, நூலற்ற கதிர்போல் வெறுமையாய் நின்றது அந்நூற்பாலை. அதன் மதிலை ஒட்டிய தொழிலாளர் தெருவின் நாற்பது வீடுகளுள் முப்பத்தெட்டு பூட்டுண்டு, படிகளில் எருக்கு முளைத்துக் கிடந்தன. எஞ்சிய இரண்டனுள் ஒன்றன்முன் சரக்குந்து நின்றது. அவ்வாலையில் முப்பதாண்டு நூல் நூற்ற அண்ணன் குடிபெயர்கின்றான். அடுத்த வீட்டில் வாழும் அவன் உடன்பிறந்த தம்பி, ஆலைப்பொறிகளைப் பூட்டவும் செப்பனிடவும் வல்லவன், கட்டிலின் மறுமுனையைத் தாங்கி வருகின்றான். இனிக் குழாயடியில் சண்டை போடவும் ஆளில்லை, கொழுந்தனார் பாடு நிம்மதிதான் என்று அண்ணி நகையாட, அவன் முகம் மலரவில்லை.

கற்றறிந்தோரே, அவன் நெஞ்சை அரித்தது இதுவே. ஈராண்டின்முன் பொறிகளை வேற்றூருக்குப் பெயர்க்க உரிமையாளர் முனைந்தபோது, தெருவே திரண்டு வாயிலை மறித்தது. வரைபடம் தொலைந்த பழம்பொறிகளைப் பிரித்தால் மீண்டும் பூட்டுவார் இலர், ஆதலின் ஆலை அசையாது என்று அனைவரும் நம்பினர். “உன்னை விட்டால் யாரால் முடியும்?” என்று மேலாளர் சொன்ன ஒரு சொல்லில் மயங்கி, அத்தை வீடு செல்வதாகப் பொய்யுரைத்துப் பின்வாயிலால் நுழைந்த தம்பி, பன்னிரு நாள் உள்ளேயே தங்கி, பற்சக்கரம் முதல் மரையாணி ஈறாக ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வண்ணத்தால் எண்ணிட்டான். அவ்வெண்களைத் தாங்கிய உறுப்புகள் மறியலையும் மீறித் தெருவோர் கண்முன்னே வண்டியேறி, வேற்றூரில் எண்வரிசைப்படி மீண்டும் பூட்டப்பட, தெரு பிழைப்பிழந்தது. அவன் வேலையில் ஒரு பிழையும் இல்லை. அதுவே அவன் செய்த பெரும்பிழை.

இறுதி மூட்டையும் ஏறியது. நீயும் வா என்று அண்ணன் அழைப்பான் என நெடுநாள் காத்திருந்தவன், உண்மையை மறைத்து உடன்செல்ல மனம் ஒவ்வாது வாய்திறந்தான்.

“அண்ணே, மெஷினுக்கெல்லாம் நம்பர் போட்டது நான்தான்.”

கயிற்றை இறுக்கிய அண்ணன் கை நிற்கவில்லை. “தெரியும்டா. ஏழுக்கு நடுவுல கோடு போடுறவன் இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தானே.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா ஆமான்னு சொல்லிருப்ப. அதான், நீ காய்ச்சல்ல அத்தை வீட்டுல கெடந்தன்னு எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேன்.” முடிச்சிட்டு நிமிர்ந்தான். “உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் ஆசை. ஆனா போற இடத்துல நம்ம தெருக்காரங்கதான் இருக்காங்க. தினமும் அவங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லடா.”

தம்பியின் தோளை ஒருமுறை தொட்டு, அவன் வண்டியேறினான்.

ஆலையைப் பெயர்த்தவர் வேற்றூரில் வளமுடன் வாழ, அதற்குத் துணைநின்ற கைத்திறனோ, வைதிடவும் ஒருவரின்றி, பொறுத்திடவும் ஒருவரின்றி, அவ்வெறுந்தெருவில் தனித்து வாழலாயிற்று.