உலகம்மை அனுப்பாத பதில்

கல்லூரியின் இணைய விவாத அரங்கில் உலகம்மை அனுப்பியிருந்த பதில் இவ்வளவுதான்: "அருமையான கருத்து மேடம்." அனுப்புவதற்கு முன் அவள் எழுதி அழித்ததையும் கணினி சேமித்து வைத்திருந்தது. ஸ்மைலின் அதை அன்று காலையில்தான் பார்த்தாள். "மேடம் சொல்வது தப்பு. வகுப்பில் பேசாத பிள்ளை இங்கே மட்டும் எப்படிப் பேசும்? இங்கேயும் மார்க் போடுவது அவங்கதானே."

ஸ்மைலின் குழித்துறைப் பக்கம் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வாய் திறக்கக் கூசும் மாணவர்கள்கூட இணையத்தில் மனம்விட்டு விவாதிப்பார்கள் என்பதுதான் அவளுடைய முனைவர் ஆய்வு. வருஷக்கணக்கில் அலையாய் அலைந்து அந்த அரங்கை உருவாக்கினாள். கரண்ட் போனாலும் பிள்ளைகள் எழுதியது தொலையக் கூடாதென்று, எழுத எழுதச் சேமிக்கும் வசதியையும் அவளே கேட்டு வாங்கினாள். அதுவே இப்போது காலை வாரிவிட்டது. தோண்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேரிடமும் இதே கதை. அனுப்பியதெல்லாம் பாராட்டு, அழித்ததெல்லாம் மறுப்பு. பிள்ளைகள் அவளுக்குப் பயந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதம்கூட இல்லை. பட்டம் வராமல் பதவி உயர்வும் கிடையாது. கணவன் ரிஜோவோ ஆர்வக்கோளாறில் மயிலாடிக் கல்தச்சரிடம் சொல்லி 'டாக்டர் ஸ்மைலின்' என்று பெயர்ப்பலகையைக் கல்லிலேயே கொத்தி வாங்கி வைத்துவிட்டான். மரப்பலகை என்றால் அடுப்பிலாவது வைக்கலாம்.

விஷயத்தைச் சொன்னதும் நெறியாளர் குமாரதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது புதையல், அழித்த வரிகளையே கடைசி இயலாக வைத்தால் வெளிநாட்டு ஆய்விதழ்கள் வாரிக்கொள்ளும் என்றார். எழுதியவர்களிடம் கேட்க வேண்டாமா என்றாள் ஸ்மைலின்.

"பதிவாகுறதெல்லாம் எடுத்துக்கலாம்னு மொதல்லயே கையெழுத்து வாங்கியிருக்கல்லா மக்கா. பின்ன என்ன?"

வாங்கித்தான் இருந்தாள். யாரும் படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. போடச் சொன்னதும் மார்க் போடுகிற அதே மேடம்தான். கேட்காமல் ஒரு வரியையும் தொடுவதில்லை, தேதி போனால் போகட்டும், முதல் இயலிலிருந்தே மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லி அன்றே கால நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுத்தாள். குமாரதாஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனாள். உலகம்மை படிப்பை முடித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். மேடத்தைக் கண்டதும் எழுந்தவள் காப்பி வந்த பிறகும் உட்காரவில்லை. மேடம் நீட்டிய போனில் தன் வரிகளைப் பார்த்ததும் முகம் வெளிறி, தெரியாமல் எழுதிவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக்காக வரவில்லை, பெயர் போடாமல் இதை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன் என்றாள் ஸ்மைலின். உலகம்மை போனைத் திருப்பி நீட்டினாள்.

"வேண்டாம் மேடம். நான் அழிச்சேன்லா. அதுவும் நான் எடுத்த முடிவுதான்."

ஸ்மைலினுக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடியே கிறுக்குத்தனமாக ஒரு சந்தோஷம் பொங்கியது. படித்த காலம் முழுக்க இந்தப் பெண் அவளிடம் ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. இத்தனை வருஷம் தேடியது கண்முன்னே நடக்கிறது, அதை எழுதத்தான் வழியில்லை. உலகம்மை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனிலிருந்து அந்த வரிகளை நீக்கினாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்குமே மேடம்?"

"அதயும் அழிச்சிருவேன்."

அடுத்து மயிலாடியில் அபினேஷ் வீடு. அவனும் அதே வகுப்பு, அவனும் எழுதி அழித்தவன்தான். வழி கேட்டதற்கு, சந்துக்குள் சந்து, சொன்னால் புரியாது என்று உலகம்மை தானே பின்னால் ஏறிக்கொண்டாள். ஊர் தாண்டியதும் கணவாய்க் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. பின்னாலிருந்து உலகம்மை ஏதோ சொன்னாள். மார்க்கு என்பதும், நீங்க இல்லாத எடம் என்பதும் காதில் விழுந்தன, மற்றதைக் காற்று கொண்டுபோயிற்று. நடுவில் ஒருமுறை, "அது தப்பு மேடம்," என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஸ்மைலின் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உலகம்மை இறங்கவில்லை. தலைக்கு மேல் காற்றாலை இரைந்து சுற்ற, குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.